ஒரே கூலிக்கு இரண்டு செக்

செக்கைத் தொலைத்தது நான்தான். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதற்குப் பிறகு நடந்ததை யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வரும்.

நான் கைத்தையல் ஏஜென்ட். ஆம்பூரில் இப்படிச் சொன்னால் போதும். வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். ஷூவின் மேல்பகுதியை இங்கே அப்பர் என்போம். சில மாடல்களில் மூக்குப் பக்கம் சுருக்கம் வைத்துத் தைக்க வேண்டும். அது மெஷினுக்கு வராது, கையால் ஊசி குத்தி இழுத்தால்தான் வரும். கம்பெனி அப்பர்களை மூட்டை கட்டிக் கொடுக்கும். நான் அதை ஷேர் ஆட்டோவில் ஏற்றி எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பேன். பெண்கள் சமையலை முடித்துவிட்டுத் தைப்பார்கள். தைத்ததை வாங்கிக் கம்பெனியில் ஒப்படைப்பதும், மாதம் பிறந்தால் கூலியை வாங்கி வந்து அவரவர் கையில் கொடுப்பதும் என் வேலை. ஜோடிக்கு இவ்வளவு என்று எனக்கு ஒரு கமிஷன் உண்டு. முதலீடு என்று நான் போட்டது வாயும் கோபமும்தான்.

எங்கள் கம்பெனி சின்னக் கம்பெனி. பெரிய இடங்களில் கூலி நேராக அக்கவுண்டில் விழுந்துவிடும். எங்கள் முதலாளிக்கு அது பிடிக்காது. கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்தால்தான் கொடுத்த மாதிரி என்பார். அதிலும் செக்கில் யார் பெயரையும் எழுத மாட்டார். 'செல்ஃப்' என்று எழுதி, முன்னாலும் பின்னாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். அதைக் கொண்டுபோய் யார் நீட்டினாலும் பேங்கில் பணம் கிடைக்கும். எங்களைப் போன்ற ஏஜென்ட்களுக்கும் அதே செக்தான், கம்பெனிக்குள் வேலை செய்கிறவர்களின் வாரக்கூலிக்கும் அதே செக்தான். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வாரக்கூலி வியாழக்கிழமை. அன்று காலையில் வேன் டிரைவர் ஒரு செக்கோடு போய்ப் பணத்தோடு வருவார். பேங்கில் ரொம்ப வருஷமாக இருந்த கேஷியருக்கு எங்கள் எல்லார் முகமும் அத்துப்படி. ஆம்பூரில் பாதி வியாபாரம் காகிதத்தைப் பார்த்து நடப்பதில்லை, முகத்தைப் பார்த்துத்தான் நடக்கிறது.

அன்றைக்கு வியாழக்கிழமை. முதலாளி அறையில் செக்கை வாங்கினேன். வெளியே வரும்போது செக்கிங் டேபிளில் சூப்பர்வைசரம்மா என் மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு, பத்து ஜோடியில் சுருக்கம் சரியில்லை என்று ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. டேபிள் மேல் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இதில் என்ன குறை, அதில் என்ன குறை என்று சண்டை போட்டேன். கையில் அப்போது செக் இருந்ததா, கைப்பையில் இருந்ததா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். கைப்பையில் வைத்தேன் என்றுதான் எனக்கு ஞாபகம். ஜிப்பை இழுத்த சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து ஜிப்பைத் திறந்தால் உள்ளே செக் இல்லை.

அன்று கம்பெனியிலிருந்து கொண்டுவந்த புது மூட்டையைக் கொட்டிப் பார்த்தேன். வரும் வழியிலேயே பிரித்துக் கொடுத்திருந்த வீடுகளுக்கெல்லாம் ஓடினேன். பெண்கள் அப்பர்களை உதறிக் காட்டினார்கள். ஒருத்தி, "அக்கா, நூலோட சேத்து அதையும் தைச்சுட்டமா பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை இரண்டு வாரம் வேலையில்லாமல் நிறுத்தியிருப்பேன். பணம் அவளுக்கும் சேர்த்துத்தான் தொலைந்திருக்கிறது என்பதால் விட்டேன்.

சனிக்கிழமை முதலாளி முன்னால் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்துத் திட்டு வாங்குவதற்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தொலைஞ்சா இன்னாம்மா, காகிதம் தானே. பணம் பேங்குல பத்திரமா இருக்குது" என்று சொல்லி இன்னொரு செக் எழுதிக் கொடுத்தார். என் எதிரிலேயே கேஷியருக்குப் போன் போட்டு, "கைத்தையல்மா செக்கு ஒண்ணு தொலஞ்சு போச்சு. யாராவது எடுத்துக்கினு வந்தா கொடுத்துடாத பாய்" என்றார். எழுதிக் கொடுக்கச் சொல்லி அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "எழுதறது இன்னாத்துக்கு, நான் சொன்னா போதாதா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அந்தப் புதுச் செக்கை என் வீட்டுக்காரர் கொண்டுபோய்ப் பணம் எடுத்து வந்தார். பேங்க் வேலையெல்லாம் அவர்தான் செய்வார். அவருக்கு டேனரியில் மதியம்தான் ஷிஃப்ட், தோலைக் கழுவும் டிரம்மில் வேலை. அதிகம் பேசாத மனிதர். கல்யாணமான புதிதில், இவருக்கு என் மேல் ஏதாவது கோபமோ என்று நான் ஒரு வருஷம் பயந்தேன். அப்புறம்தான் அது சுபாவம் என்று தெரிந்தது. கூலியைப் பிரித்துக் கொடுத்தேன். தொலைந்த செக்கை எல்லாரும் மறந்தோம்.

ரம்ஜான் மாதம் வந்தது. எங்கள் பெண்ணுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸையும் கட்டி முடித்தேன். முதலாளி மெக்காவுக்கு உம்ரா போய்விட்டு வந்தார். பெருநாளும் முடிந்தது. அதற்கு அடுத்த வாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"உக்காரும்மா. அந்தத் தொலைஞ்ச செக்கு உனக்குக் கெடச்சுதா?"

"இல்லியே பாய்."

"அதுல பணம் எடுத்திருக்காங்க."

எனக்கு முதலில் புரியவே இல்லை. தொலைந்ததற்குத்தான் வேறு கொடுத்துவிட்டாரே, அதை எடுத்துக் கூலியும் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன எடுக்க இருக்கிறது என்று நினைத்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஆடிட்டர் கணக்குப் பார்த்தபோது ஒரே தொகை இரண்டு தடவை போயிருந்ததாம். ஒன்று புதுச் செக். இன்னொன்று தொலைந்த செக். அவர் ஊரில் இல்லாத நாட்களில் யாரோ அதைக் கொண்டுபோய்ப் பணம் வாங்கியிருக்கிறார்கள். பழைய கேஷியர் அதற்கு முன்பே குடியாத்தத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம். போனில் சொன்ன வார்த்தையும் அவரோடு குடியாத்தத்துக்குப் போய்விட்டது. புது ஆளுக்கு எங்கள் முகமும் தெரியாது, கதையும் தெரியாது.

"யாரு வந்து எடுத்தாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஆம்பள ஆளாம். வேற ஞாபகம் இல்லன்றாங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர்தான் பேங்குக்குப் போவார் என்பது அவருக்கும் தெரியும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"பணம் வாங்கினவனாண்ட பின்னாடி கையெழுத்து வாங்கியிருப்பாங்களே பாய், அதைப் பாக்கலாமே."

"கேட்டா விசாரணை, போலீஸ்னு போவும். வேணாம்மா. நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். நான் யாராண்டயும் மூச்சு விடல. உன் பேரு கெடக்கூடாது." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இந்த மாசம் மூட்டை எடுக்க வேணாம். கொஞ்ச நாள் போவட்டும்."

அதுதான் எனக்கு விழுந்த அடி. பணத்தைக் கட்டு என்று அவர் கேட்கவில்லை. மூட்டை இல்லை என்றுவிட்டார். மூட்டை இல்லையென்றால் எனக்கு மட்டுமா இல்லை? எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் அந்த ஊசிதான் கேஸ் சிலிண்டருக்கும் பிள்ளைகளின் பஸ் பாஸுக்கும் காசு கொடுத்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் என்ன சொல்வது? 'முதலாளிக்கு என் மேல் சந்தேகம்' என்று சொன்னால் ஊருக்கும் அதே சந்தேகம் வரும். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். ஆர்டர் இல்லை என்று பொய் சொன்னேன்.

நானே பேங்குக்குப் போய்க் கேட்டேன். அக்கவுண்ட்காரர் வந்தால்தான் காட்டுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கவுண்ட்காரரோ என் பேர் கெடக்கூடாது என்பதற்காக வர மாட்டேன் என்கிறார். இது என்ன நியாயம் என்று பேங்க் வாசலில் நின்று யோசித்தேன். பேரைக் காப்பாற்ற அவர் வாயை மூடியிருக்கிறார், அவர் வாயை மூடியதால் என் பேர் போகப்போகிறது. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. திட்ட ஆள் கிடைக்காமல் நான் தவித்தது அதுதான் முதல் தடவை.

அந்த நாட்களில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. ஷேர் ஆட்டோ டிரைவர் புதிதாக சீட் கவர் போட்டிருந்தான், அவனை முறைத்தேன். தைக்கிற பெண்களில் ஒருத்தியின் மாமனார் திடீரென்று பல் கட்டியிருந்தார். அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டே அவரோடு பேசினேன். மூட்டையோடு செக் யார் வீட்டுக்காவது போயிருக்குமோ, அல்லது வழியில் விழுந்து முகம் தெரியாத யாரோ எடுத்திருப்பார்களோ? முகம் தெரியாதவன் எடுத்தால் மறுநாளே ஓடியிருப்பானே, இத்தனை வாரம் ஏன் காத்திருந்தான்? முதலாளி ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்தவனுக்கு முதலாளி ஊரில் இல்லை என்பது எப்படித் தெரியும்? ஒரு முடிச்சை அவிழ்த்தால் இரண்டு முடிச்சு விழுந்தது.

இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். "ஆம்பள ஆளுன்னா சொன்னாங்க?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். பொண்டாட்டி தலையில் இடி விழுந்திருக்கிறது, இந்த மனிதர் ரசத்தில் உப்பு கம்மி என்று சொல்வதற்குக்கூட வாயைத் திறக்க மாட்டாரா என்று எரிச்சலாக வந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து போன். மூட்டை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சந்தோஷத்தில் பாதி வழி ஓடியே போனேன். முதலாளி மறுபடியும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உன் வூட்டுக்காரர் வந்தாரும்மா."

"எங்க, இங்கயா?"

"அவர்தான் எடுத்தாராம். மூட்டையில கெடந்துதாம், உனக்குத் தெரியாம எடுத்து வெச்சிருந்தாராம். மாசாமாசம் சம்பளத்துல அடைக்கறேன்னார். உனக்கு ஒண்ணும் தெரியாது, உன் வேலைய நிறுத்த வேணாம்னு கேட்டுக்கினார்." முதலாளி சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நீ வூட்டுல பேஜார் பண்ணாத. ஒத்துக்கினு வந்தாரே, அதுவே பெருசு."

என் வீட்டுக்காரர் தனக்கு ஒரு சட்டை எடுப்பதற்குக்கூட என்னைக் கூட்டிக்கொண்டு போகிறவர். கடையில் ஐந்து ரூபாய் அதிகமாக மிச்சம் கொடுத்தால் திரும்பப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். இவரா செக்கை ஒளித்து வைத்து, ஆள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, பேங்க் வரிசையில் நின்று எடுத்தார்? நம்ப முடியவில்லை. ஆனால் அவரே போய்ச் சொல்லியிருக்கிறாரே! செய்யாததைச் செய்தேன் என்று எந்தப் பைத்தியமாவது சொல்லுமா? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் நம்பிவிட்டேன்.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்தவரை நான் உட்காரவே விடவில்லை.

"யோவ், பாயாண்ட போய் இன்னா சொன்ன?"

"சொன்னது சொன்னதுதான்."

"எடுத்த பணம் எங்க?"

"செலவாயிடுச்சு."

"இன்னா செலவு?"

"கடன் இருந்துச்சு."

"யாருக்குக் கடன்? எனக்குத் தெரியாம உனக்கு எவன்யா கடன் கொடுத்தான்?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். மறுநாள் கேட்டால் டேனரியில் கூட வேலை செய்கிறவனுக்குக் கொடுத்தேன் என்றார். யார் அவன், பெயர் என்ன என்றால் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார். அதற்கு மறுநாள் கடன் இல்லை, கைமாற்று என்றார். செக்கை மூட்டையில் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாய் என்றால் முழித்தார். பொய் சொல்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. எதில் பொய் சொல்கிறார் என்பதுதான் தெரியவில்லை. எடுத்தது நிஜம், செலவு பொய் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். வேறு பெண் யாராவது இருக்குமோ என்றுகூட நினைத்தேன். அந்த மனிதரை ஒரு தடவை பார்த்தவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். நான் இத்தனை வருஷம் கூட இருந்துவிட்டு நினைத்தேன். சட்டைப் பையையும் சோற்று டப்பா வைக்கும் பையையும் துழாவினேன். ஒரு துண்டு பீடிகூட கிடைக்கவில்லை.

பேச்சை நிறுத்திவிட்டேன். சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் டேனரியில் முன்பணம் வாங்கி முதல் தவணையைக் கட்டினார். ஷேர் ஆட்டோவுக்குக் காசு மிச்சம் பிடிக்க டேனரிக்கு நடந்தே போய் வந்தார். டீ குடிப்பதை விட்டுவிட்டார். திருடியவனுக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன், ஆனால் அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி நின்றதற்கும் அவர் மேலேயே கோபம் வந்தது.

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போனது. ஒரு வியாழக்கிழமை செக்கிங் டேபிளில் மூட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். சூப்பர்வைசரம்மா பீரோவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து உள்ளே பார்த்துவிட்டு, "அய்யய்யோ, இதைக் கொடுக்கவே மறந்துட்டேன் பாருக்கா" என்றாள்.

"இன்னாது?"

"பாய் உம்ரா போறப்ப வாரக்கூலிக்கு செக்கு கையெழுத்துப் போட்டு வெச்சிட்டுப் போனாருல்ல, அதுல ஒண்ணு ஜாஸ்தியா இருந்துச்சு. அவசரத்துக்கு இருக்கட்டும்னு கொடுத்துட்டுப் போயிருக்காரு போல. அப்படியே இருக்குது."

நான் தலையை ஆட்டிவிட்டு மூட்டையை அவிழ்த்தேன். அப்புறம்தான் கை நின்றது. எங்கள் முதலாளி, ஓர் அறையில் ஃபேன் சுற்றினாலே ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறவர். அவர் செக்கை அதிகமாக விட்டுவிட்டுப் போவாரா?

"எப்படி ஜாஸ்தி ஆச்சு?"

அவள் யோசித்தாள். வாரத்துக்கு ஒன்று என்று எண்ணித்தான் கொடுத்தாராம். "ஆனா ஒண்ணு கீழ விழுந்து கெடந்துதுக்கா. கூட்டற அம்மா அந்த நூல் அலமாரிய நகத்திப் பெருக்கறப்ப எடுத்துக் கொடுத்தாங்க. கவர்லருந்து நழுவியிருக்குதுன்னு உள்ள வெச்சேன்."

நூல் அலமாரி செக்கிங் டேபிளை ஒட்டி நிற்கிறது. நான் குனிந்து சண்டை போட்ட இடம் அது.

"அந்த விழுந்த செக்கு எவ்ளோ தொகை?" என்று கேட்டேன்.

"அதுவா, அது மத்ததவிட ஜாஸ்தி. பெருநாள் வருதே, எல்லாருக்கும் அட்வான்ஸ் கொடுக்கத்தான் பாய் சேத்துப் போட்டிருக்காருன்னு நெனச்சேன். டிரைவரு போய் எடுத்துக்கினு வந்தாரு. கூலி போக மீதிய அட்வான்ஸா பிரிச்சுக் கொடுத்துட்டேன். பாய் வந்ததும் சொன்னேனே, நல்லது பண்ணேன்னாரு." என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "இன்னாக்கா, இன்னா ஆச்சு?"

என் செக் தொலைந்தது அவளுக்குத் தெரியாது. கம்பெனியில் யாருக்குமே தெரியாது. நான் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, முதலாளி என் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. இந்த ஹாலில் நின்று ஒரே ஒரு தடவை சத்தமாக, 'ஒரு செக்கைக் காணோம்' என்று யாராவது சொல்லியிருந்தால் டீ ஆறுவதற்குள் விஷயம் முடிந்திருக்கும். கம்பெனிப் பணத்தைக் கம்பெனியே எடுத்துக் கம்பெனி ஆட்களுக்கே கொடுத்திருக்கிறது. அதற்கு என் வீட்டுக்காரர் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

முதலாளி வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் போய் நின்றோம். அவர் கேட்டார். மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டு, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்றார். எழுந்து வந்து என் முன்னால் நின்று, "மன்னிச்சிடும்மா" என்றார். சூப்பர்வைசரம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகிறவளை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டிய தவணைப் பணத்தை எடுத்து என் கையில் வைத்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"அது சரி. உன் வூட்டுக்காரர் இன்னாத்துக்கு அவர் எடுத்தார்னு சொன்னாரு?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் பேர் மீண்டுவிட்டது, மூட்டை இனி நிற்காது, அதை நினைத்து நான் துள்ளியிருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து வீடு வரும் வரைக்கும் அந்த ஒரே கேள்விதான். எடுக்காதவர் எடுத்தேன் என்று ஏன் சொன்னார்? வேறு யாரையாவது காப்பாற்றவா? யாரை? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் என்பார்களே, அதுவும் நடந்துவிட்டது. முதலாளி சொன்னதை ஒரு ஆட்டோப் பயணத்துக்குள் நம்பிவிட்டு, இந்த மனிதரோடு பேசாமல் இருந்திருக்கிறேன்.

அவர் வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். டேனரி வாசம் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"செக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு" என்றேன். இத்தனை நாளுக்குப் பிறகு நான் பேசியதே அவருக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும். "கம்பெனியிலயே கீழ கெடந்திருக்குது. தெரியாம அவங்களே கூலிக்கு எடுத்துட்டாங்க. உன் பணத்தையும் கொடுத்துட்டாரு பாய்."

குழாயை மூடினார். ஈரக்காலோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ எடுக்கலியா?"

திரும்பவும் கேட்க வேண்டியிருந்தது எனக்கு.

"இன்னா சொன்ன?"

"பொண்ணுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டினியே. உன் தம்பி கொடுத்தான்னு சொன்ன. அந்த வாரம்தான் அவன் டேனரி வாசலுக்கு வந்து என்னாண்ட கைமாத்து கேட்டுக்கினு நின்னான். அவனே இல்லன்றான், உனக்கு எங்கருந்து கொடுப்பான்? ஆம்பள ஆளு வந்து எடுத்தாங்கன்னு வேற சொன்ன. அவன வெச்சு எடுத்திருக்கன்னு நெனச்சேன்."

"அது சீட்டுப் பணம்யா! நூல் கடைக்காரம்மாவாண்ட நான் தனியா கட்டினு வந்த சீட்டு. உனக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு ஓடு மாத்தணும்னுவேன்னு சொல்லல."

"எனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவர் என்னைத் திருடி என்று முடிவு கட்டியிருக்கிறார். சந்தேகம்கூட இல்லை, முடிவு. அந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்த் தன் தலையில் பழியை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். இதில் எந்தப் பாதிக்குக் கோபப்படுவது, எந்தப் பாதிக்குக் காலைத் தொடுவது?

"திருடின்னு நெனச்சுக்கினே என் கையால சோறு துன்னியே, எப்படியா எறங்குச்சு?"

"நீயும் அப்படி நெனச்சுக்கினுதானே போட்ட."

சரிதான். ஆனாலும் விட மனது வரவில்லை.

"நான் எடுத்தேன்னு நெனச்சியே, உனக்குக் கோவம் வரலியா?"

"வந்துச்சு."

"வந்து?"

துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். ஒரு காலை முழுதாகத் துடைத்து முடித்துவிட்டு இன்னொரு காலை எடுத்தார்.

"அப்புறம்தான் பாயாண்ட போனேன்" என்றார்.